நோவது இடது முழங்கால், முதலில் திருத்தியது வலது பொய்க்கால்: ஒரு வன்னி வயல்காரரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் ஒரு தனி ஆள் அல்ல. ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, பதினைந்து பதினாறு வருடமாகப் பொய்க்காலோடு வயலில் நிற்கிறவர்களிடம் காணப்படும் கோளாறுகளை ஓர் உடலில் சேர்த்து எழுதியிருக்கிறோம். அவருடைய அளவுகளும் மாற்றங்களும் அந்த உடலுக்கென்று பொருத்தியவை. குருத்தெலும்பு, எலும்பு, தசைநாண் பற்றிய எண்கள் ஆய்வுகளில் வந்தவை.

முறைப்பாடு

48 வயது ஆண், 68 கிலோ. 2009 இல், 32 வயதில், எறிகணைச் சிதறல் பட்டு வலது கால் முழங்காலுக்கு 13 சென்ரிமீற்றர் கீழே எடுக்கப்பட்டது. இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் நெல். காலபோகம் தவறாது, குளத்தில் தண்ணி நின்றால் சிறுபோகமும் உண்டு. லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் பிடிப்பது, மருந்தடிப்பது, உரம் எறிவது எல்லாம் அவரே.

இரண்டு வருடமாக இடது முழங்காலின் உட்பக்கம் நோவு. பின்னேரம் கூடும், வரம்பிலிருந்து இறங்கும்போது குத்தும். கடைசி விதைப்புக்குப் பிறகு இடது குதிக்கு மேலே நாணில் காலை விறைப்பு. பத்து இருபது அடி நடந்தபின் இளகும். வலது பக்கத்தைப் பற்றி அவராக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டபோதுதான் மிச்சக் காலின் நுனி மத்தியானத்துக்குப் பிறகு எரிவதையும், ஆறு மாதத்துக்கு முன் வரம்பில் சறுக்கி வலது இடுப்பு அடிபட விழுந்ததையும் சொன்னார்.

பரிசோதனையைப் பொய்க்காலில் தொடங்கினால் இப்படியான ஆக்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நோகிறது நல்ல கால், நீங்கள் ஏன் பொய்க்காலைப் பார்க்கிறீங்கள்?" இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

கண்டவை

சீமெந்து நிலத்தில் பத்து மீற்றர் நடக்கவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். வலது அடி மெத்தென்று விழும். இடது குதி "டக்" என்று இடிக்கும். வலதில் நிற்கும் நேரம் குறைவு, இடதில் கூட. நேராக நிற்கச் சொன்னால் இடது முழங்காலைச் சற்று மடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு கையின் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்துப் பார்த்தால் வலது தாழ்ந்திருக்கிறது. பொய்க்காலின் கீழே பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடுப்பு மட்டமாகும் வரை உயர்த்தினோம்: 15 மில்லிமீற்றர்.

பொய்க்கால் தந்த நாளில் இந்தக் குறை இருந்திருக்காது. மிச்சக் கால் வருடங்களோடு சூம்பும். சூம்பினால் சொக்கற் என்கிற கூட்டுக்குள் ஆழமாக அமிழும். அமிழ்ந்த அளவுக்குப் பொய்க்கால் கட்டையாகும். இதைக் காட்ட ஒரு சின்னச் சோதனை போதும். போளையளவு களிமண் உருண்டையைப் பொலித்தீனில் சுற்றிக் கூட்டின் அடியில் போட்டு, வழமையான சொக்ஸோடு காலை மாட்டி, பாரம் ஊன்றி ஒரு நிமிடம் நிற்கச் செய்து வெளியே எடுக்க வேண்டும். உருண்டை உருண்டையாகவே வந்தால் அடியில் வெற்றிடம், நுனி வீங்கும். கொஞ்சம் தட்டையானால் சரி. இவருடையது கடதாசி போலத் தகடாக வந்தது. முழங்காற் சிரட்டைக்குக் கீழுள்ள நாணும் காலெலும்பின் உட்பக்கச் சரிவும் தாங்க வேண்டிய பாரத்தை எலும்பின் அறுத்த நுனி தாங்கிக்கொண்டிருந்தது. எரிவுக்கு அதுவே காரணம்.

பாதம் ஜெய்ப்பூர் வகை இறப்பர்ப் பாதம். வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும் குந்தவும் இடம் கொடுப்பதால் வயலுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் இவருடையதில் குதி தேய்ந்து, விரல்கள் மடியும் இடத்தில் வெடிப்பு விழுந்திருந்தது.

இடது முழங்காலின் உள்மூட்டுக் கோட்டில் அமத்தினால் நோவு. கால் சற்று வெளிவளைவு. குதிநாணில், எலும்பில் ஒட்டும் இடத்துக்கு நாலு சென்ரிமீற்றர் மேலே, விரலிடையில் பிடித்தால் தெரிகிற ஒரு தடிப்பு. ஒற்றைக் காலில் குதியை உயர்த்தச் சொன்னதில் 9 தடவையோடு நின்றுவிட்டார். வழமையாக எதிர்பார்ப்பது 25. சிப்ரோபுளொக்சசின் வகை மருந்து அண்மையில் குடித்தாரா என்று கேட்டோம், இல்லை. அந்த வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் குதிநாணைப் பலவீனமாக்கும், அறுந்துபோகவும் வைக்கும். நாண் நோவோடு வருகிற எவரிடமும் இதைக் கேட்காமல் விடக்கூடாது. சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இவருக்கு இல்லை.

எக்ஸ்ரே பற்றி ஒரு சொல். முழங்காலைப் படுக்க வைத்து எடுத்த படம் இவருக்குப் பயன்படாது. பாரம் இல்லாத மூட்டில் இடைவெளி அகன்று தெரிந்து, "ஒன்றுமில்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பொய்க்காலைப் போட்டு, நிற்க வைத்து, இரண்டு முழங்காலையும் ஒரே தகட்டில் எடுக்க வேண்டும்.

அந்த ஒரு படம்

நிற்க வைத்து எடுத்த படத்தில் இடது முழங்காலின் உட்பக்க இடைவெளி ஒடுங்கியிருந்தது. அதன் கீழே காலெலும்பின் தலை வெள்ளையாக, இறுகித் தெரிந்தது. அதே தகட்டில் வலது காலெலும்பின் தலை சாம்பல் நிறம். உள்வலை மெலிந்து, ஓரச்சுவர் பென்சில் கோடளவு. விழுந்த பக்கத்து இடுப்பையும் எடுத்தோம். முறிவில்லை, ஆனால் வலது தொடையெலும்பின் கழுத்தும் இடதை விடத் தெளிவாகச் சாம்பல் நிறமாக மங்கியிருந்தது. எலும்பின் கனிமத்தில் ஏறக்குறைய 30 வீதம் போன பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் குறைவு கண்ணுக்குப் படும். ஆகவே இது அண்மையில் தொடங்கிய இழப்பு அல்ல.

ஒரே ஆள், ஒரே இரத்தம், ஒரே சோறு, ஒரே வயது, ஒரே வெயில். இரண்டு பக்கமும் இரண்டு எலும்பு. வேறுபட்டது பாரம் மட்டும். எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கேற்பத் தன்னைக் கட்டுகிறது என்று ஜேர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வூல்ஃப் 1892 இல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான படம் தேவையில்லை. "தேய்மானம், வயசு" என்று முடித்துவிடுகிற வைத்தியத்துக்கும் இந்தப் படமே மறுப்பு. வயசுதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் அல்லவா தேய வேண்டும்? முழங்கால் லான்ட்மாஸ்டரின் ரயர் அல்ல. ரயர் ஓடினால் தேயும், நிறுத்தி வைத்தால் தேயாது. உயிருள்ள இழையம் ஓடாவிட்டாலும் கெடும்.

பாரக் கணக்கு

சம தரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டில் விழுவது உடல் எடையின் இரண்டரை மடங்கு வரை. மேலதிகம் தசைகளின் இழுவையிலிருந்து வருகிறது. 68 கிலோவுக்கு ஏறக்குறைய 170 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கு உட்பக்கத்தில், அதாவது 110 கிலோவுக்கு மேல், ஒவ்வோர் அடிக்கும். முதுகில் 16 லீற்றர் மருந்து மெசின் ஏறினால் தாங்கியோடு 20 கிலோ கூடும். மூட்டில் அது 50 கிலோவாக விழும். படி இறங்கும்போது மூன்றரை மடங்கு வரை போகும். பொய்க்கால்காரருக்கு ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பொய்க்கால் முன்னே என்று பழக்குகிறோம். விழாமலிருக்க அது சரியான பழக்கம். ஆனால் இரண்டு முறையும் உடலைத் தூக்குவதும் இறக்குவதும் இடது முழங்கால்தான். குந்தி எழும்பும்போதும் அப்படியே.

இதற்கு மேல் இரண்டு களவான பாரங்கள். ஒன்று, வலது கட்டை: ஒவ்வோர் அடியிலும் உடல் வலதில் 15 மில்லிமீற்றர் இறங்கி, இடதில் ஒரு சின்னப் படி ஏறுவது போல எழும்ப வேண்டும். மற்றது, வெடித்த பாதம்: உயிருள்ள கெண்டைக்கால் அடியின் முடிவில் நிலத்தை உதைத்து உடலை முன்னே தள்ளும். உதைக்காத பாதத்திலிருந்து உடல் இடதின் மேல் விழுகிறது. முதலில் கேட்ட "டக்" அந்த விழுகைதான்.

மூன்று இழையம், மூன்று கடிகாரம்

குருத்தெலும்பு: பாடப்புத்தகத்தில் கசியிழையம், ஊர்ப் பேச்சில் சவ்வு. முழங்காலில் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பு. எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணி. இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அது பாரம் தாங்கும் விதத்தை வயல்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டிய தேவையே இல்லை: நீர் ஊறிய களியில் விரைந்து நடந்தால் கால் அதிகம் அமிழாது, ஒரே இடத்தில் நின்றால் அமிழ்ந்துகொண்டே போகும். களிக்குள் இருக்கும் தண்ணிக்கு வெளியேற நேரம் வேண்டும். அது வரைக்கும் பாரத்தைத் தண்ணியே தாங்கும். குருத்தெலும்பிலும் பாரம் விழுந்த கணத்தில் 90 வீதத்துக்கு மேல் நீரழுத்தமே தாங்குகிறது. அசையாமல் நின்றால் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல நீர் கசிந்து, பாரம் நார்வலைக்கு இறங்கும். ஈரக் களி அமிழ்வதைக் கணக்கிட மண் பொறியியலில் எழுந்த கணிதத்துக்கு ஒத்த ஒன்றையே 1980 இல் குருத்தெலும்புக்கும் எழுதினார்கள்.

இரத்தம் இல்லாததால் சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். அமத்தி விடுவதும், அமத்தி விடுவதும் அதற்குத் துணை. நடையின் தாளத்தில் விழும் மிதமான பாரத்துக்கு உயிரணுக்கள் கூடுதலாக இழையத்தைக் கட்டும். அசையாப் பாரத்துக்குக் கட்டுவதைக் குறைக்கும். இவர் தேத்தண்ணிக் கடையிலும் வரம்பிலும் மணிக்கணக்கில் இடது காலில் சாய்ந்து நிற்பவர். நடையை விட அந்த நிற்பு கூடக் கெடுதல் என்பது எங்கள் எண்ணம். நீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைப் புரத மூலக்கூறுகள் ஓரளவு திரும்பக் கட்டப்படும். கொலாஜன் நார் அறுந்தால் அப்படியல்ல. அது புதுப்பிக்கப்படும் வேகத்துக்கு ஒரு மனித ஆயுள் போதாது. ஆகவே இங்கே இலக்கு இருப்பதைக் காப்பது மட்டும்.

எலும்பு: இதன் கடிகாரம் மாதங்கள். பழைய எலும்பைக் கரைத்துப் புதியதைக் கட்டும் ஒரு சுற்றுக்கு நாலைந்து மாதம் பிடிக்கும். பாரம் விழும்போது எலும்பு வளைவது மிகச் சிறிது; ஒரு மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்ற அளவைத் தாண்டும்போதுதான் "கட்டு" என்ற சைகை எழுகிறது. எலும்புக்குள்ளே நுண்கால்வாய்களில் ஓடும் திரவத்தின் உரசலை எலும்பணுக்கள் உணர்கின்றன. பாரம் குறைந்தால் ஸ்கிளெரொஸ்ரின் என்ற புரதத்தைக் கூட்டி, கட்டுவதை நிறுத்திவிடுகின்றன. 1984 இல் சேவலின் சிறகெலும்பில் செய்த சோதனையில் நாளுக்கு 4 தடவை வளைத்தாலே இழப்பு நின்றது. 36 தடவையோடு பலன் உச்சத்தைத் தொட்டது, அதற்கு மேல் எத்தனை நூறு வளைத்தும் கூடவில்லை. எலும்பு சீக்கிரம் காது அடைத்துப்போகிற ஆள். திரும்பக் கேட்கச் சில மணித்தியால ஓய்வு வேண்டும்.

இவர் நாள் முழுக்க நடக்கிறவர், பிறகு ஏன் வலது எலும்பு போனது? எலும்பில் விழும் பாரத்தில் பெரும்பங்கு தசை இழுவையால் வருவது. வலதில் தொடைத்தசையும் இடுப்புத் தசையும் சூம்பியிருக்கின்றன, அடி மெத்தென்று விழுகிறது, நிற்கும் நேரமும் குறைவு. நடை ஆயிரக்கணக்கில் இருந்தும் அந்த எலும்பு கேட்கத்தக்க அடி ஒன்றும் அதில் இல்லை.

தசைநாண்: குதிநாணின் நடுக்கரு ஏறக்குறைய 17 வயதுக்குள் கட்டி முடிகிறது, அதன் பிறகு அதில் புதுப்பித்தல் இல்லை என்றே சொல்லலாம். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கதிரியக்கக் காபனை நாணில் அளந்து 2013 இல் இதைக் காட்டினார்கள். இவர் கணக்கில் 1994 அளவில் முறுக்கி முடிந்த கயிறு. அந்த ஒரு கயிறு 2009 க்குப் பிறகு இரண்டு காலின் உதையையும் இழுக்கிறது. நாண் 4 வீதம் நீளும் வரை பத்திரம். அதற்கு மேல் நுண்ணிழைகள் அறத் தொடங்கும். கடும் வேலைக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் கொலாஜன் உடைவதே கூட. கட்டுவது அதற்குப் பிறகுதான் முந்தும். உழவு நாட்களில் தொடர்ந்து ஐந்து நாள் சேற்றில் லான்ட்மாஸ்டரின் பின்னே உன்னி நடந்தால் நாணுக்கு அந்த இரண்டாம் நாள் கிடைப்பதேயில்லை.

செய்த ஒழுங்கு

முதல் இரண்டு கிழமை பொய்க்கால் மட்டும். தேய்ந்த ஐந்து அடுக்கு சொக்ஸை எறிந்துவிட்டு, புதிய ஐந்தடுக்கும் அதன் மேல் மூன்றடுக்கும். களிமண் சோதனையைத் திரும்பச் செய்ததில் உருண்டை ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் வந்தது. உயரத்தில் 9 மில்லிமீற்றர் மீண்டது. புதிய பாதம் மாற்றியபோது குதியோடு சேர்த்து மிச்சம் 6 மில்லிமீற்றரும் சரியானது. பத்தடுக்குக்கு மேல் தேவைப்பட்டால் சொக்ஸால் நிரப்பிக்கொண்டே போகக்கூடாது, புதுக் கூடு வார்க்க வேண்டும். மிச்சக் கால் பகலில் சுருங்குவதால் பத்து மணிக்கு ஒரு மெல்லிய சொக்ஸ் கூட்ட வேண்டும். வியர்வையில் நனைந்ததை மத்தியானம் மாற்ற வேண்டும். உலர்ந்த சோடி ஒன்றைப் பொலித்தீன் பையில் சட்டைப் பொக்கற்றில் வைத்திருக்கச் சொன்னோம். காலைக் கழற்றியதும் தோலின் சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அன்று மேற்கொண்டு போடக்கூடாது.

வயலில் மாற்றியவை சின்னவை. மருந்து மெசினில் 8 லீற்றர்; நடை இரட்டிக்கும், ஆனால் ஒவ்வோர் அடியின் உச்சம் குறையும். உரப்பை தோளில் ஏறாது, லான்ட்மாஸ்டரின் பெட்டியில் போகும். இறங்குகிற இரண்டு இடத்தில் மண் மூட்டை அடுக்கி 15 சென்ரிமீற்றர்ப் படி. தடி வலது கையில். நோகிற காலின் பக்கத்துக் கையில் தடியைக் கொடுப்பது நாட்டு வழக்கம், ஆனால் பாரம் குறைவது எதிர்க் கையில் பிடிக்கும்போதுதான். வீட்டில் குந்துவதற்குப் பதில் 45 சென்ரிமீற்றர் உயரக் கதிரை, மலசலகூடத்துக்கும் அப்படியொன்று.

முழங்காலுக்குச் சைக்கிள். மிதிக்கும்போது மூட்டில் விழுவது உடல் எடையளவுதான். அமத்தி விடும் தாளமோ நடையைப் போலவே கிடைக்கும். காலையும் மாலையும் 15 நிமிடம். சீற்றை உயர்த்தி, மிதி அடியில் நிற்கும்போது முழங்கால் கிட்டத்தட்ட நிமிர வேண்டும். சீற் தாழ்ந்தால் சிரட்டையின் பின்பக்கம் நசியும். பொய்ப்பாதம் வழுக்காமல் மிதியில் பழைய ரியூப் துண்டால் ஒரு வளையம், கழற்ற எளிதாக, தளர்வாக.

நாணுக்கு மூன்றாம் கிழமையிலிருந்து குதி உயர்த்தல். கதவு நிலையைப் பிடித்து, இடது காலில், மூன்று எண்ணி மேலே, மூன்று எண்ணிக் கீழே. 8 தடவை, 4 சுற்று, ஒன்றுவிட்டொரு நாள். ஒற்றைக் காலில் குதி எழும்பும்போது நாணில் ஏறக்குறைய 160 கிலோ இழுவை: முன்பாதம் கணுக்காலிலிருந்து 12 சென்ரிமீற்றர், நாண் 5 சென்ரிமீற்றர், நெம்புகோல் கணக்குத்தான். எட்டும் இலேசானதும் முதுகுப் பையில் 5 கிலோ மணல், பிறகு 10. செய்யும்போது பத்துக்கு ஐந்து வரை நோவு பரவாயில்லை. அடுத்த நாள் காலை விறைப்பு கூடியிருந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும். முழங்கால் வீங்கினால் அதுவே நிறுத்தற் சைகை.

வலது எலும்புக்கு, கூடு சரியாகி ஒரு மாதம் தோல் சுத்தமாக இருந்த பிறகே. 10 சென்ரிமீற்றர்ப் படியில் பொய்க்காலை ஊன்றி ஏறுவது, பிறகு வலதில் உரத்து ஊன்றி அடிவைப்பது. ஒரு நேரத்துக்கு 20 அடி, நாளுக்கு மூன்று நேரம், இடையில் மணித்தியாலங்கள். நூறை ஒரே மூச்சில் செய்வதில் பயனில்லை. குரக்கனும் நெத்தலியும் பாலும் சாப்பாட்டில் கூட்டச் சொன்னோம். கல்சியம் கல் போன்றது. மேசன் வேலைக்கு வராவிட்டால் கல் முற்றத்தில் கிடக்கும்.

பிழை வருகிற இடங்கள்

பொதுவாகக் கெடுப்பது மருந்துக்கடை மாத்திரை. டைக்குளோபினாக் என்கிற நோவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணி குடிக்காமல், வெயிலில் நாள் முழுக்க வேலை. காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் இருக்கிறது; இந்த மண்ணில் அந்த மாத்திரையை எழுதும் முன், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்க்க வேண்டும். நோவு அடங்கிப் பாரம் பழையபடி ஏறுவது அதன் இரண்டாவது கெடுதல்.

அடுத்தது ஊசி. நாணுக்குள் ஸ்ரெரொயிட் போடவே கூடாது, நாண் அறும். முழங்காலுக்குள் ஒரு ஊசி சில கிழமை ஆறுதல் தரும். ஆனால் மூன்று மாதத்துக்கொரு தடவை இரண்டு வருடம் போட்டவர்களில், வெறும் உப்புநீர் போட்டவர்களை விடக் குருத்தெலும்பு கூட மெலிந்ததை 2017 இல் வந்த ஆய்வு காட்டியது.

மூன்றாவது, முழு ஓய்வு. இவருக்கு ஏற்கெனவே "மூன்று மாதம் காலை அசைக்காதேங்கோ" என்று சொல்லப்பட்டிருந்தது. விண்வெளியில் இருப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 வீதத்துக்கு மேல் குறைகிறது. படுக்கையும் அதே திசையில்தான் கொண்டுபோகும்.

26 ஆம் கிழமையில்

முழங்கால் நோவு பத்தில் 6 இலிருந்து 3. குதி உயர்த்தல் 9 இலிருந்து 19. நாணின் தடிப்பு அப்படியே இருக்கிறது, காலை விறைப்பு இல்லை. தடிப்புப் பல காலம் நிற்கும், அதைத் தடவிப் பார்த்துக் கவலைப்படத் தேவையில்லை. எட்டாம் கிழமையில் ஒரு சறுக்கல்: நோவு குறைந்த துணிவில் இரண்டு நாள் 16 லீற்றர் நிரப்பி மருந்தடித்து முழங்கால் வீங்கியது. பத்து நாள் சைக்கிள் மட்டும், பிறகு விட்ட இடத்திலிருந்து. முழங்கால் இடைவெளி பழையபடியே. கூடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வலது இடுப்பில் மாற்றம் தெரிய இன்னும் ஆறு மாதமாவது வேண்டும். அது வரைக்கும் அந்தப் பக்கம் விழாமலிருப்பதே பெரிய வைத்தியம், ஈர வரம்பில் தடி கட்டாயம்.

அடுத்த வருகை காலபோக விதைப்புக்கு முன், புரட்டாதியில். வரும்போது வயலுக்குப் போடுகிற அதே பொய்க்கால், அன்று போட்டிருந்த சொக்ஸ் எல்லாம், கழுவாமல்.